காவலர் தேர்வில் ஓட்டம் எதை அளக்கிறது?

காவலர் பணிக்கு உடற்தகுதித் தேர்வே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தப்பியோடுபவரைத் துரத்துவதும், திமிறுபவரை அடக்கிக் கைவிலங்கிடுவதும், நொறுங்கிய வண்டியிலிருந்து நினைவிழந்தவரை இழுத்து வெளியே கொண்டுவருவதும் அந்த வேலையில் எந்த நாளும் நேரக்கூடியவை. தேர்வில் வைக்கும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்கக் காவல் துறைகள் பலவற்றில் வழங்கும் ஒன்றரை மைல் ஓட்டம், 1968இல் மருத்துவர் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படையினருக்காக வகுத்த 12 நிமிட ஓட்டச் சோதனையின் வழிவந்தது. இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதை அது நன்றாகவே காட்டும். ஆனால் பூட்ஸும் கனமான இடைவாரும் கவச உடையும் அணிந்து சிறிது தூரம் பாய்ந்தோடி, மூச்சிரைக்கும் அந்த நிலையிலேயே ஒருவரோடு மல்லுக்கட்ட முடியுமா என்பதை அது சொல்லாது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் காவல் பிரிவு 1991இல் இந்தத் தூரத்தை 12 நிமிடங்களில் கடக்க வேண்டும் என்று விதித்த பிறகு நடந்த தேர்வுகளில், விண்ணப்பித்த பெண்களில் சுமார் 12 சதவீதமும் ஆண்களில் ஏறத்தாழ 60 சதவீதமும் தேறினர். இது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று தேறாத பெண்கள் தொடுத்த வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், பணிக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதியைத்தான் அந்த வரம்பு அளக்கிறது என்பதை நிறுவ வேண்டும் என்று 1999இல் கூறியது. 2002இல் அதே நீதிமன்றம் வரம்பை ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்த முடிவு இன்றும் உறுத்துகிறது. ஓட்டத்தில் தேறாமலேயே தவறுதலாகப் பணியில் சேர்க்கப்பட்ட ஒரு பெண் காவலர் பாராட்டுகள் பெறும் அளவுக்குப் பணியாற்றியது அந்த வழக்கிலேயே பதிவாகியுள்ளது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதே ஓட்டத்தில் தோற்றபோது அவர்களை யாரும் வெளியேற்றவுமில்லை.

கனடாவின் தேசியக் காவல்துறை கையாண்ட முறை இதைவிட நேர்மையானது. ஓடுவது, படியேறி இறங்குவது, தடைகளைத் தாண்டுவது, எடையைத் தள்ளி இழுப்பது, கனமான பையைச் சுமப்பது என்று காவலர் செய்யும் செயல்களையே தொடராக வைத்தார்கள். அதிலும் பெண்களுக்குப் பாதகம் நேரலாம்; ஆனால் வரம்பு ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் பணியைக் காட்டியே பதில் சொல்லலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 15 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கேற்ப ஓடும் சோதனையில் 5.4 என்ற நிலையை, அதாவது ஐந்தாம் கட்டத்தின் நான்காவது ஓட்டத்தை, எட்ட வேண்டும். பணியில் இருப்பவர்களுக்கும் ஆண்டுதோறும் அதே சோதனை உண்டு. விண்ணப்பதாரரிடம் கேட்கும் தகுதியைப் பத்தாண்டு பணியாற்றியவரிடமும் கேட்கத் துணியாத எந்தத் துறையும், அது பணிக்கு இன்றியமையாதது என்று சொல்லக் கூடாது.