ஒளிந்திருக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்

ஹிட்லர் காலத்து யூதர்களின் கதையைப் பிள்ளைகள் பார்வையில் சொல்லும் படம் எது என்று கேட்டால், முதலில் வந்து விழும் பெயர் 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' (2008). மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் நாஜிசம் பாடம் நடந்தபோது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான் சுற்றியது. சேர்ந்து பார்த்தோம். அவள் அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

யூதர்களை அடைத்துவைத்த நாஜி முகாமின் அதிகாரி மகன் வேலிக்கு இந்தப் பக்கம், யூதச் சிறுவன் அந்தப் பக்கம்; காவலாளி கண்ணில் படாமல் நாள் கணக்கில் பேசிக்கொள்கிறார்கள். நிஜத்தில், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தைகளில் பெரும்பாலோரை ரயிலிலிருந்து இறங்கியதுமே விஷவாயு அறைக்குத்தான் அனுப்பினார்கள். இந்தப் படத்தின் மூல நாவலைப் பாடம் நடத்துபவர்கள் தவிர்ப்பது நல்லது என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020-இல் சொன்னது. அதைவிட எனக்கு உறுத்துவது முடிவு. நாம் பதறுவதெல்லாம் தெரியாமல் விஷவாயு அறைக்குள் போய்விட்ட ஜெர்மன் பையனுக்காக. கூடவே சாகும் யூதப் பையன் கணக்கிலேயே வருவதில்லை.

அதிகாரியின் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஒளிந்து வாழும் பிள்ளை அப்படி இருந்தால் பிழைக்க முடியாது.

லூயி மால் 1987-இல் எடுத்த 'ஓ ரெவ்வா லெசான்ஃபான்' படத்தில் வரும் போனே என்ற யூதப் பையன் எல்லாம் தெரிந்தவன். நாஜிகள் பிடித்துவைத்திருந்த பிரான்ஸில் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் பொய்ப் பெயரில் படிக்கிறான். எல்லோரும் தூங்கிய பிறகு மெழுகுவர்த்தி ஏற்றித் தன் பிரார்த்தனையைச் சொல்கிறான். கெஸ்டபோ, அதாவது நாஜி ரகசியப் போலீஸ், வகுப்புக்குள் வந்து அவன் நிஜப் பெயரைக் கேட்கும்போது, தோழன் ஒரு நொடி அவன் பக்கம் திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான். போனே அழவில்லை, புத்தகங்களை எடுத்துவைத்துவிட்டு, பக்கத்துப் பையன்களுக்குக் கை கொடுக்கிறான். இப்படி ஒரு நாள் வரும் என்று அவனுக்கு முன்பே தெரியும். 1944 ஜனவரியில் மால் படித்த பள்ளியிலேயே நடந்த சம்பவம் இது. மூன்று மாணவர்கள் ஆஷ்விட்ஸுக்குப் போனார்கள். அவர்களை ஒளித்துவைத்த பாதிரியார் மௌதௌசன் முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தும், சில வாரங்களில் இறந்துபோனார்.

அப்புறம் என் செல்லப் படம், கிளோட் பெரி 1967-இல் எடுத்த 'தி டூ ஆஃப் அஸ்'. கருப்பு வெள்ளை, ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. கிராமத்துக்கு அனுப்பும் முன் எட்டு வயது யூதப் பையன் கிளோடுக்குப் பாடம் நடக்கிறது: புதுப் பெயர், கிறிஸ்தவ ஜெபம், குளிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை (யூதப் பையன்களுக்குச் செய்யும் விருத்தசேதனம் காட்டிக்கொடுத்துவிடுமே). அவன் போய்ச் சேரும் வீட்டுக் கிழவருக்கோ யூதர் என்றாலே ஆகாது. ஆனால் இந்தப் பையன் மேல் உயிர். யூதனை எப்படி அடையாளம் காண்பது என்று அவர் விளக்க, பெரிய மூக்கு என்றால் அப்போ தாத்தாவும் யூதர்தானே என்று இவன் மடக்குகிறான். கிழவராக நடித்த மிஷெல் சிமோனுக்கு பெர்லின் விழாவில் விருது கிடைத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பையன் யூதன் என்ற உண்மை கடைசி வரை கிழவருக்குத் தெரியாது. மகளுக்கு அது பிடிக்கவில்லை. "சொல்லியிருந்தா தாத்தா திருந்தியிருப்பாரும்மா" என்று இரண்டு நாள் சண்டை. அதெல்லாம் கிழவர் பாடு. அவரைத் திருத்துவதற்காக அந்தப் பையன் ஏன் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.