ரேகை விழாத விரல்

"ஆச்சி, நல்லா அழுத்துங்க."

மூன்றாவது முறையும் முதியோர் பென்ஷன் மனுவில் வெறும் மைத்திட்டுதான் விழுந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, ரேகையே இல்லை. நகக்கண்ணில் புகையிலைக் கறை.

பீடி சுற்றிய கை. சொல்லவே வேண்டாம், எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைப் படிவத்தை எனக்காக ஒருவர் நிரப்பித் தந்தார். அதற்கு அம்மா கொடுத்தது ஆயிரம் பீடிக் கூலி. இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, முனை மடக்கி, ஒரு பகல் முழுக்க. முன்னிரவிலும் கொஞ்சம்.

திங்கட்கிழமை தோறும் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். சேவை என்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது. அந்த ஒரு நாள் கடன் இன்னும் அடையவில்லை, அவ்வளவுதான்.

"எவ்வளவுய்யா?" ஆச்சி முந்தி முடிச்சை அவிழ்த்தார்.

"ஒண்ணும் வேண்டாம் ஆச்சி."

நம்பவில்லை. மனுவை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.