கூட்டல், கழித்தல், பூச்சியம்

தருக்க நிரல்மொழியான புரோலாக் என்றதும் நம் வகுப்பார் எவருக்கும் முதலில் நினைவு வருவது பாட்டன்–பேரன் விதிதான். தந்தையின் தந்தை பாட்டன். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. நகரும் பொருள்களின் பாதைகளுக்கும் அதே போல விதி எழுதலாம். ஆனால் வழுக்கும் இடங்கள் வேறு.

இதற்கு அடிப்படை, நிக்கோ வான் டி வேகே 2004இல் கெண்ட் பல்கலைக்கழகத்தில் தன் கலாநிதி ஆய்வில் முன்வைத்த பண்புசார் பாதைக் கணிதம். அளவுகளை உதறிவிட்டு, அ, ஆ என்ற இரண்டு பொருள்கள் கொண்ட ஒரு சோடிக்கு இரண்டு குறிகளை மட்டும் அது வைத்துக்கொள்கிறது. முதற்குறி அ எப்படி நகர்கிறது என்பது: ஆவை நெருங்கினால் −, விலகினால் +, இரண்டுமில்லையேல் 0. இரண்டாவது குறி ஆவுக்கு. மொத்தம் 9 உறவுகள். இடமா வலமா என்பதற்கு மேலும் இரண்டு குறி சேர்த்தால் 81.

பலர் தவறுவது முதற்குறியிலேயே. அவுக்கும் ஆவுக்கும் இடையிலான தூரம் குறைகிறதா என்று பார்க்கக் கூடாது. அந்தக் கணத்தில் ஆ நின்ற புள்ளியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து அவின் தூரத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரே வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு கார்களுக்கு இடைத்தூரம் மாறாது, உறவோ (−,+). தூரத்தை மட்டும் பார்த்தவருக்கு அது துரத்தல் என்றே தெரியாது. 0 என்றால் நிற்கிறது என்றும் பொருளில்லை: ஆவை மையமாக்கி வட்டமிடும் பொருளுக்கும் 0தான்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் அலையும். குறிகள் −, +, − என்று துள்ளும். 3 மீட்டருக்குட்பட்ட மாற்றத்தை 0 எனக் கொண்டால் துள்ளல் அடங்கும். ஆனால் நொடிக்கு 1.4 மீட்டர் நடப்பவரை நொடிக்கொரு தடவை அளந்தால் அவரும் 0 ஆகிவிடுவார். 5 நொடி இடைவெளியில் ஒப்பிட்டால் 7 மீட்டர் வரும், பிழைப்பார்.

இனி விதிகள். (அ,ஆ) உறவைப் புரட்டினால் (ஆ,அ) உறவு. இதை அதே பெயரில் புரோலாக்கில் எழுதினால் நிரல் தன்னையே முடிவின்றி அழைக்கும். சேமித்த உண்மைக்கு ஒரு பெயர், கேட்கும் உறவுக்கு வேறு பெயர் வையுங்கள். பதிவாகாத சோடியை ‘நெருங்கவில்லை’ என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பொறி. நிறுவ முடியாததைப் பொய்யாகக் கொள்வது புரோலாக்கின் இயல்பு. இங்கே பதிவின்மை அறியாமை மட்டுமே. ஆகவே விதிகளுக்குப் பொருந்தும் தீர்வுகளைத் தேடித்தரும் விடைத்தொகுதி நிரலாக்கம் நல்லது என்பது என் கருத்து: கிளிங்கோ போன்ற கருவியில், ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு கணத்திலும் ஒன்பதில் சரியாக ஒன்று என்று தெரிவு விதி எழுதி, பொருந்தாதவற்றைக் கட்டுப்பாடுகளால் வெட்டலாம். 4 பொருள்களுக்கு 6 சோடி. 10 கணங்களுக்கு 60 தெரிவுகள். வெட்டும் விதிகள் பலமாக இல்லாவிட்டால் விடைகள் வெள்ளமாக வரும்.

பலமான விதி தொடர்ச்சி. −இலிருந்து +க்கு 0ஐத் தொடாமல் போக முடியாது. (0,+) நேராக (−,0) ஆகவும் முடியாது: முதற்குறி 0ஐ விட்டுப் புறப்படும் கணமும் இரண்டாவது 0ஐ வந்தடையும் கணமும் ஒன்றே, அதனால் நடுவில் (0,0) இருந்தே தீரும்.

இந்த விதியை அளவீட்டுக் கணங்கள்மேல் அப்படியே போட்டால், முந்திச்செல்லும் கார் நிரலையே முடக்கும். நான்காம் கணத்தில் (−,+), ஐந்தாம் கணத்தில் (+,−), விடையே இல்லை என்று கருவி சொல்லும். பக்கத்தில் பக்கமாக ஓடிய கணம் அளவீடுகளுக்கு இடையில் விழுந்துவிட்டது. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே காணாத நிலை ஒன்றைச் சேர்த்து, அதன் உறவைக் கருவியே தெரிய விடுங்கள். ஒன்று போதும், (0,0) வழியாக எந்த உறவுக்கும் போகலாம்.