சிவப்பு மேல சிவப்பு

ஒரு வாரமா ஃபோன்ல ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்ட திரும்பத் திரும்ப தொறந்து பாத்துட்டு இருக்கேன். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல, டெக்கா சென்டர்ல தே, அதான் டீ, வாங்க நிக்கிற க்யூவுல, ராத்திரி தூக்கம் வராதப்போ. 'சகுரான்'னு ஒரு ஜப்பான் படம், 2007ல வந்தது, மிக்கா நினகவா டைரக்ட் பண்ணது. அவங்க முதல்ல ஃபோட்டோகிராஃபர், பூவயும் தங்கமீனயும் கண்ணு கூசுற கலர்ல எடுத்தே பேர் வாங்குனவங்க. கதை எடோ காலத்து யோஷிவாராவுல நடக்குது, அதாவது இன்னைக்கு டோக்கியோவா இருக்குற ஊர்ல அரசாங்க அனுமதியோட நடந்த கணிகையர் பேட்டை. நான் பாஸ் பண்ண இடத்துல மரக்கம்பி போட்ட ஜன்னல், உள்ள வரிசையா பொண்ணுங்க, வெள்ளை வெள்ளையா முகம், மிச்சதெல்லாம் சிவப்பு.

அம்மா எட்டிப் பாத்துட்டு, "ஏன்டி, கொலுப் படியா இது?"ன்னாங்க. நான் ஒரு வாரமா யோசிச்சத ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்கன்னு கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு.

என் வேலை கல்யாண ஃபோட்டோ எடிட்டிங். இங்க நம்மாளுங்க கல்யாணம்னா அரக்கு, குங்குமச் சிவப்பு, மிளகாய்ப்பழச் சிவப்புன்னு எல்லாமே அந்தப் பக்கம்தான், மண்டபத்து எல்இடி லைட்டு வேற மேல அடிக்கும், அப்போ கேமராவுல சிவப்பு சேனல், அதாவது சிவப்பு எவ்ளோன்னு பதியுற அளவு, அது மட்டும் முட்டி நின்னுடும், உச்சம் 255, அதுக்கு மேல போக இடம் இல்ல, அதனால பட்டுப்புடவையோட மடிப்பு, நெசவு, நிழல் எல்லாம் காணாமப் போயி சிவப்பு சார்ட் பேப்பர வெட்டி ஒட்டுன மாதிரி ஆயிடும். அத சரி பண்ணத்தான் எனக்கு சம்பளம் குடுக்குறாங்க. ஒரு தடவ ஒரு பொண்ணோட அம்மா, "ஐம்பதாயிரம் ரூபா காஞ்சிபுரம்மா, பிளாஸ்டிக் மாதிரி தெரியுது"ன்னு ஃபோன்ல கத்துனாங்க, அவங்க சொன்னது நியாயம்தான்.

இந்த ஸ்டில்ல அதே தப்பு வேணும்னே பண்ணிருக்கு. கிமோனோ சிவப்பு, பின்னாடியும் சிவப்பு, முன்னாடி கம்பியும் சிவப்பு. பொதுவா சிவப்பு நம்மள நோக்கி வரும், நீலம் உள்ள போகும்னு சொல்லுவாங்க, ஆனா எல்லாமே சிவப்பா இருந்தா எது முன்னாடி வரும்? எதுவும் வராது. ஆழமே செத்துப் போகுது. பொண்ணும் சுவரும் ஒரே தட்டுல ஒட்டிக்குது. கண்ணுக்கு நிம்மதியா நிக்க வெத்திடமே கிடையாது. உடாமரோன்னு ஒரு ஜப்பான் ஓவியர் 1790கள்ல இதே யோஷிவாராப் பொண்ணுங்கள மரக்கட்டை அச்சுல வரைஞ்சப்போ நிறைய படத்துல முகத்துக்குப் பின்னாடி ஒண்ணுமே வைக்கல, அப்ரகத்தூள் பூசி மினுமினுன்னு சும்மா விட்டுட்டாரு. முகத்த சுத்தி காத்து இருக்கும். நினகவா அந்தக் காத்த புடுங்கிட்டாங்க. எனக்கு என்னவோ உடாமரோதான் பிடிக்கும், ஆனா இந்தக் கதைக்கு இதுதான் சரி, ஏன்னா யோஷிவாராவே அப்படி ஒரு இடம், 1657 தீ விபத்துக்கு அப்புறம் அசகுசா பக்கம் கொண்டு போயி, சுத்தி அகழி வெட்டி, ஒரே ஒரு பெரிய வாசல் வச்சு மூடுனது.

அப்புறம் ஸ்டில்ல கறுப்பு வெள்ளையா மாத்திப் பாத்தேன், இத யாரு வேணாலும் செஞ்சு பாக்கலாம், ஃபோன்லயே இருக்கு. சிவப்பு எல்லாம் மங்கலான சாம்பலாப் போயி முடியோட கறுப்போட கலந்துடுச்சு. மிச்சம் நின்னது முகமும் கழுத்தும் மட்டும்தான். அப்போ நம்ம கண்ண இழுக்குறது சிவப்பே இல்ல, வெள்ளை! சிவப்பு வெறும் சத்தம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்துல, ஜன்னலுக்கு வெளிய நின்னு பாக்குற ஆளுக்கு முகம் தெரியணும்ல, அந்த வெள்ளைப் பூச்சுக்கு இது போதுமான காரணம்னு தோணுது. ஆனா அந்த வெள்ளையும் அவளோட தோல் கிடையாது. அதுவும் பூச்சு.

உதட்டுச் சிவப்பு பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அது குசும்பாப் பூவுல எடுக்குற சாயம், பேரு பெனி, பயங்கர விலை. அத திரும்பத் திரும்ப தடிமனா பூசுனா காய்ஞ்சதும் பச்சையா மினுக்கும், பொன்வண்டு முதுகு மாதிரி. அவ்ளோ பெனி வாங்க வசதி இல்லாதவங்க அடியில மைய தடவிட்டு மேல கொஞ்சமா பெனி பூசி அதே பச்சைய கொண்டு வந்தாங்களாம். சிவப்புக்கு நேர் எதிர் கலர் பச்சை, அது சிவப்புக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு, எனக்கு இத படிச்சப்போ புல்லரிச்சுது.

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "முடிச்ச ஏன் முன்னாடி போட்டிருக்கா?" கெய்ஷா, அதாவது பாட்டு, ஆட்டம்னு விருந்துல நடத்துற கலைஞர்னா, இடுப்புப் பட்டைய முதுகுப் பக்கம் கட்டுவாங்க, ஓய்ரான்னு சொல்ற பெரிய கணிகை முன்னாடிதான் கட்டுவா. ஃபிரேம்ல அது பெரிய வேலை பாக்குது, அவ்ளோ பெரிய முடிச்சு வயித்துல உக்காந்ததும் உடம்பே ஒரு முக்கோணமா ஆயிடும், கீழ அகலம், மேல கூர்மை, உச்சியில முகம். அதனாலதான் கொலு பொம்மை. மாதவி கடலாடப் போறதுக்கு முன்னாடி இளங்கோ கால் விரல்ல இருந்து ஒவ்வொரு நகையா அடுக்கிட்டே போவாரு, ஸ்கூல்ல படிச்சப்போ இது எப்போடா முடியும்னு இருந்துச்சு, இப்போதான் புரியுது, அங்கயும் நகைக்கு நடுவுல மாதவிய தேட வேண்டியிருக்கு.

இதெல்லாம் மண்டையில ஓடிட்டு இருக்கப்போ போன ஞாயித்துக்கிழமை பூகிஸ் ஜங்ஷன்ல சாப்பிட உக்காந்தேன். அந்த கண்ணாடிக் கூரைக்குக் கீழ இருக்கே மலாய் ஸ்ட்ரீட், ஹைலாம் ஸ்ட்ரீட், அங்கதான் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான்காரப் பொண்ணுங்க இருந்த விபச்சார வீடுங்க. அந்தப் பொண்ணுங்கள கராயுகி சான்னு சொல்லுவாங்க. ஓய்ரான் இல்ல, பட்டு இல்ல, ஜப்பானோட தெற்குல இருக்குற கியூஷு பக்கம் ஏழைக் குடும்பத்துல இருந்து கப்பல்ல வந்தவங்க. 1920ல அந்தத் தொழில தடை பண்ணாங்க.

சாப்பிட்டுட்டு நேரா ஹவ்காங் பக்கம் இருக்குற ஜப்பானியக் கல்லறைப் பூங்காவுக்குப் போனேன். 1891ல ஆரம்பிச்சது, 910 கல்லறை, அதுல கராயுகி சான் நிறைய பேரு. முழங்கால் உயரம் கூட இல்லாத கல்லுங்க. மேல காகிதப்பூ கொத்துக் கொத்தா தொங்குது. ரெண்டு மூணு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்தா பூவெல்லாம் சேனல் முட்டி ஒரே தட்டையா இருக்கு, ஒரு இதழ் மடிப்பு கூட தெரியல. கல்லு மேல இருக்குற பாசி வரைக்கும் தெளிவா விழுந்திருக்கு. இத மட்டும் நான் எடிட் பண்ணல.