கசாண்ட்ராவில் அனுமதிச் சோதனை: ப்ராஜெக்ட், வைவாவுக்குத் தயாராகிறவர்களுக்கு

முதுகலைக் கடைசி செமஸ்டரில் நான் எடுத்த ப்ராஜெக்ட், அப்பாச்சி கசாண்ட்ரா 3.11 என்ற டேட்டாபேஸில் பயனர் அனுமதிகளைச் சோதிப்பது. இந்த டேட்டாபேஸ் பல சர்வர்களில் பரவி ஓடும்; ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுமதி கொடுத்தேன், க்வெரி ஓடியது என்று காட்டுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. எது ஓடக் கூடாதோ அது ஓடவில்லை என்று காட்டுங்கள். அதையும் எல்லா நோடிலும் காட்டுங்கள்.

சிசிஎம் (கசாண்ட்ரா க்ளஸ்டர் மேனேஜர்) என்ற கருவி இருந்தால் ஒரே லேப்டாப்பில் மூன்று நோடு ஓட்டலாம். 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் கசாண்ட்ராவின் இயல்புக் கணக்குப்படி ஒரு நோடின் ஹீப், அதாவது அது எடுக்கும் ஜாவா நினைவகம், 2 ஜிபி. அதைக் குறைத்து வைத்துவிடுங்கள். நிறுவியவுடன் கசாண்ட்ரா பாஸ்வேர்டே கேட்காமல் எல்லோரையும் உள்ளே விடும். கான்ஃபிக் ஃபைலில் ஆதென்டிகேட்டர் (யார் என்று சரிபார்ப்பது), ஆதரைசர் (என்ன செய்யலாம் என்று சரிபார்ப்பது) இரண்டையும் மாற்றினால்தான் சோதிப்பதற்கே ஏதாவது இருக்கும்.

அப்புறம், சூப்பர் யூசராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, நுழைந்து சோதிக்காதீர்கள். அவருக்கு எந்தத் தடையும் கிடையாது. டேபிளை உருவாக்கியவருக்கும் அந்த டேபிளின் எல்லா உரிமையும் தானாகவே வந்துவிடும். ஆகவே டேபிள் உருவாக்க ஒரு ரோல் (கசாண்ட்ராவில் பயனர் கணக்கு), சோதிக்க வேறு ரோல்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சுவாரஸ்யமான கேஸ்கள் எல்லாம் ரிவோக்கில், அதாவது கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதில்தான் இருக்கின்றன. ஒரு ரோலுக்குக் கீஸ்பேஸ் (டேபிள்களின் தொகுப்பு) முழுவதற்கும் செலெக்ட், அதாவது படிக்கும் அனுமதி, கொடுங்கள். பிறகு அதிலுள்ள ஒரு டேபிளில் மட்டும் ரிவோக் செய்துவிட்டுப் படித்துப் பாருங்கள். படிக்க முடியும்! மேலே கொடுத்தது கீழே செல்லும். கீழே பறித்தால் மேலே இருப்பது அசையாது. இதில் ‘அனுமதி மறு’ என்று சொல்லும் கட்டளை கிடையாது. எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் அப்படி மறுக்கும் டினை (DENY) கட்டளையைப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இன்னொன்று: இன்சர்ட்டுக்கும் டெலீட்டுக்கும் தனித்தனி அனுமதி இல்லை. இரண்டுக்கும் மாடிஃபை என்ற ஒரே அனுமதிதான்; அதைக் கொடுத்தால் ட்ரன்கேட்டும் (டேபிளையே காலி செய்வது) சேர்ந்தே போகும். ஆனால் இஃப் (‘இந்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’) நிபந்தனை போட்ட அப்டேட்டுக்கு மாடிஃபை மட்டும் போதாது, செலெக்டும் வேண்டும். நிபந்தனையை மாற்றி மாற்றிக் கேட்டே டேபிளில் உள்ளதைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? என் ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த கேஸ் இதுதான்.

ரிவோக் செய்த உடனேயே வேறொரு நோடில் க்வெரி போட்டால் சில சமயம் ஓடிவிடும். பக் என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு நோடும் அனுமதிகளைத் தன் கேஷில் (தற்காலிக நினைவில்) 2000 மில்லி விநாடி வைத்திருக்கும். இது டீஃபால்ட் மதிப்பு. ஸ்கிரிப்டில் அதைத் தாண்டிக் காத்திருந்து ஒருமுறையும், காத்திருக்காமல் ஒருமுறையும் ஓட்டி, இரண்டு முடிவையும் பதியுங்கள். பாஸ்வேர்டு தவறு என்ற பிழையும் அனுமதி இல்லை என்ற பிழையும் வேறு வேறு. ‘ஃபெயில்’ என்று பொதுவாக எழுதினால் எது நடந்தது என்றே தெரியாது.

நோடுகளை நிறுத்திப் பார்க்கும் சோதனையை விட்டுவிடாதீர்கள். ரோல்களும் அனுமதிகளும் சிஸ்டம் ஆத் என்ற கீஸ்பேஸில் இருக்கின்றன. அதன் ரெப்ளிகேஷன் ஃபேக்டர், அதாவது எத்தனை நோடில் பிரதி இருக்கும் என்ற எண், ஆரம்பத்தில் 1 மட்டுமே. ஒரு நோடு விழுந்தால், அதில் பதிவான ரோல்களால் புதிதாக லாகின் செய்ய முடியாது, மற்றவர்களால் முடியும். ஃபேக்டரை 3 ஆக்கி, ரிப்பேர் (பிரதிகளை ஒத்திசைக்கும் கட்டளை) ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

வைவாவில் என்னிடம் கேட்ட கேள்வியும் இதையொட்டியதுதான்: ஃபேக்டர் 3, மூன்றில் இரண்டு நோடு நின்றுவிட்டது, யாரால் லாகின் செய்ய முடியும்? 3.11-இல் சாதாரண ரோலுக்கு ஒரு நோடின் பதில் போதும், அதனால் நுழைந்துவிடலாம். கூடவே வரும் ‘கசாண்ட்ரா’ என்ற சூப்பர் யூசருக்குக் கோரம், அதாவது பிரதிகளில் பெரும்பான்மையின் பதில், வேண்டும், அவர் வெளியேதான் நிற்பார். அதனால்தான் வேறு பெயரில் ஒரு சூப்பர் யூசரை முதல் நாளே உருவாக்கிவிடச் சொல்கிறார்கள்.