மலிவு போர்டில் கியூ6600ஐ 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற

இன்டெல் 2007-ல் விட்ட கோர் 2 குவாட் கியூ6600 எனக்கு இன்றும் பிடித்த பிராசஸர். பஸ் வேகத்தை (போர்டோடு பேசும் அடிப்படை வேகம்) எத்தனை மடங்காக்கி ஓடுவது என்று சொல்லும் பெருக்கி இதில் 9-க்கு மேல் போகாது, அதனால் 266 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 333 ஆக்கினால்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆகும். பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) அந்த வசதியே இல்லையா? சரி, போர்டின் சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) 1333 பஸ்ஸை, அதாவது அதே 333-ஐ நான்கு மடங்காக எண்ணிச் சொல்லும் வேகத்தை, தாங்கும் என்றால், பிராசஸருக்கு அடியில் பஸ் வேகத்தைப் போர்டுக்குச் சொல்லும் பிசெல் (BSEL) தொடுபுள்ளிகள் மூன்றில் சரியான ஒன்றைத் துளி டேப்பால் மறைத்தால் போதும், போர்டு தானாகவே 333-ல் எழுந்துவிடும்.

இந்த டேப் மின்னழுத்தத்தை ஏற்றாது; இருக்கும் மின்னழுத்தத்திலேயே 3.0-ஐத் தொட வேண்டும். அதனால் 105 வாட் பி3 வேண்டாம், 95 வாட் ஜி0 ஸ்டெப்பிங்கையே (அதே பிராசஸரின் திருத்திய தயாரிப்புப் பதிப்பு) தேடி வாங்குங்கள். அப்புறம், சாக்கெட்டை ஒட்டிய மாஸ்ஃபெட்டுகளுக்கு (பிராசஸருக்கு மின்சாரம் தரும் சிறு சிப்கள்) வெப்பம் போக்கும் ஹீட்சிங்க் இல்லையென்றால் அந்தப் பக்கம் ஒரு விசிறி கட்டாயம் வேண்டும். நான்கு கோர்களும் முழுமூச்சில் ஓடும்போது முதலில் கொதிப்பது அவைதான்.