கலத்தியா கரையின் மணல்

எங்கள் அப்பா ராணுவத்தில் இருந்தவர். 1969-க்குப் பிறகு கிரேட் நிக்கோபாரில் முன்னாள் ராணுவத்தினரைக் குடியமர்த்தியபோது அங்கே போனவர்களில் அவரும் ஒருவர். பஞ்சாபி, மராத்தி, தெலுங்குப் பிள்ளைகளோடு இந்தி பேசிக்கொண்டு கேம்பல் பேயில் வளர்ந்தேன்.

ஊருக்கு வந்தால் எல்லோரும் அதை அந்தமான் என்றே சொல்வார்கள். அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவில் சுமார் 150 கிலோமீட்டர் அகலத்துக்குப் பத்து டிகிரி கால்வாய் கிடக்கிறது. எங்களுக்குப் போர்ட் பிளேரைவிடச் சுமத்ராதான் பக்கம். முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இந்தத் தீவுகள்தான் என்பார்கள். 1756-ல் டென்மார்க்காரர்கள் வந்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், 1869-ல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தீவிலுள்ள ஆற்றின் பெயரான கலத்தியா என்பதுகூட 1846-ல் வந்த ஒரு டேனிஷ் கப்பலின் பெயர்.

சாஸ்திரி நகரைத் தாண்டித் தெற்கே போனால் அந்தக் கலத்தியா ஆறு கடலில் சேரும் இடம் வரும். நவம்பரிலிருந்து ராத்திரிகளில் ஏழுவரி ஆமைகள் கரையேறும். ஓடு கிடையாது, கறுத்த தோல்தான். நானூறு, ஐந்நூறு கிலோ எடையை மணலில் இழுத்துக்கொண்டு வந்து, பின்கால்களால் அவ்வளவு பதமாகக் குழி தோண்டும். சாட்டிலைட் கருவி பொருத்திப் பார்த்ததில், லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியப் பக்கமும் சில ஆப்பிரிக்கப் பக்கமும் போயிருக்கின்றன. கரையோரக் காட்டில் மெகாபோட் என்று ஒரு பறவை, கோழி அளவு இருக்கும். அது அடைகாக்காது. மணலும் இலையும் குவித்து மேடு கட்டி உள்ளே முட்டையிடும். இலை மக்குகிற சூட்டிலேயே குஞ்சு பொரிந்து, தானே மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து காட்டுக்குள் ஓடிவிடும். தாயைத் தேடாது.

2004 டிசம்பர் 26-ல் தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி இன்றும் தண்ணீருக்குள் நிற்கிறது. தெற்கே குடியிருந்த எங்கள் ஆட்கள் பலர் சுனாமியில் செத்துப்போனார்கள். மெகாபோட் மேடுகளையும் ஆமைக் கரைகளையும் கடல் வழித்துக்கொண்டு போனது. அப்புறம் அலைகளே வருடக்கணக்கில் புது மணலைக் கொண்டுவந்து போட்டன, ஆமைகளும் திரும்பி வந்தன. அதனால்தான் அந்தக் கரைமேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

அந்த இடத்தில்தான் இப்போது துறைமுகம் வரப்போகிறது. 2021 ஜனவரியில் அந்தக் கரைக்கு இருந்த சரணாலய அந்தஸ்தை நீக்கினார்கள். விமான நிலையம், நகரம் எல்லாம் சேர்த்து 72,000 கோடி ரூபாய் திட்டம், அதற்கு 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். ஆமைக்கு இடம் விடுவோம் என்கிறார்கள். அலைதடுப்புச் சுவர் கட்டினால் மணல் நகரும் போக்கே மாறும். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். சுனாமிக்குப் பின் மணல் திரும்பியது, ஏனென்றால் வழியில் ஒன்றும் நிற்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு கேம்பல் பே பக்கம் கொண்டுவந்து வைக்கப்பட்ட, தீவின் பூர்வகுடிகளான நிக்கோபாரி மக்கள், தென்னையும் தாழையும் நிற்கும் தங்கள் பழைய கரைகளுக்கே திரும்பிப் போகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செலவழிக்கக் காசு இருக்கிறதென்றால் முதலில் அவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுங்கள்.